ஒன்பது மார்க் ஊர்

வீடு வாங்குகிறவர்களில் பல ரகம் உண்டு. சுவரைத் தட்டிப் பார்ப்பவர் ஒரு ரகம். குழாயைத் திறந்து மூடி, மூடித் திறந்து பார்ப்பவர் இன்னொரு ரகம். பக்கத்து வீட்டு நாய் எவ்வளவு பெரிசு என்று வேலிக்கு மேலே எட்டிப் பார்ப்பவரும் உண்டு. இவர்களெல்லாம் பாவம், சாதாரண ஜனங்கள். வீடு வாங்க வந்து வீட்டைப் பார்க்கிறார்கள். நான் இங்கே அறிமுகப்படுத்த வந்திருப்பது வேறொரு பிராணியை. அவருக்குப் பெயர் மார்க் பார்ப்பவர்.

மார்க் பார்ப்பவர் வீட்டைப் பார்ப்பதில்லை. வீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் பள்ளிக்கூடத்தைத்தான் பார்ப்பார். அமெரிக்காவில் எங்கள் ஒஹாயோ மாநிலத்துப் புறநகர்களில் நீங்கள் எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்களோ, அந்தத் தெருதான் உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியைத் தீர்மானிக்கும். சாலைக்கு வடக்கே இருந்தால் ஒரு பள்ளி வட்டாரம், தெற்கே இருந்தால் இன்னொன்று, நடுவில் நின்றால் லாரி அடிக்கும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பத்துக்கு இவ்வளவு என்று யாரோ ஒரு புண்ணியவான் கம்ப்யூட்டரில் மார்க் போட்டு வைத்திருக்கிறான். யார் அவன்? அவன் எந்தப் பள்ளியில் படித்தான்? அவனுக்கு யார் மார்க் போட்டார்கள்? இதையெல்லாம் கேட்டால் மார்க் பார்ப்பவருக்குப் பிடிக்காது.

வெண்டல் கிரைட்சரை எடுத்துக்கொள்ளுங்கள். பல் டாக்டர்களுக்கு நாற்காலியும் விளக்கும் விற்கிற கம்பெனியில் வேலை. ஆள் நல்ல உயரம், அதைவிட நல்ல மனசு. மனைவி ஜனெல், பழைய சோபாக்களைக் கிழித்துப் புதுத் துணி போட்டுத் தைத்துக் கொடுக்கிறவள். ஒரே பெண் மாரென், ஏழாம் வகுப்பு. அதிகம் பேசாத பெண். தன்னைவிடக் கொஞ்சமே சின்னதான செல்லோ என்கிற ராட்சச வயலினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாசிக்க உட்கார்ந்துவிட்டால் மட்டும் அவளுக்குச் சொல்ல நிறைய இருப்பதுபோல் தெரியும். நகரத்துக்குள் வாடகை வீட்டில் இருந்தார்கள். சொந்த வீடு வாங்குவதென்று முடிவானது. அந்த நாளிலிருந்து வெண்டலுக்கு மார்க் பிடித்துக்கொண்டது.

பார்த்தது இரண்டு ஊர். ஆல்டர்ஹில், பிராக்வில். நடுவில் மில் ரோடு. இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே கடையில் தக்காளி வாங்குவார்கள், ஒரே டாக்டரிடம் பல்லைக் காட்டுவார்கள், ஒரே ஏரித் தண்ணீரைக் குடிப்பார்கள். ஆனால் ஆல்டர்ஹில் பள்ளிக்கு மார்க் ஒன்பது. பிராக்வில்லுக்கு ஏழு.

அந்த இரண்டு மார்க்குக்கு நடுவில் வெண்டல் ஒரு வருஷம் குடியிருந்தார் என்றே சொல்லலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் சாண்ட்விச், இன்னொரு கையில் வரைபடம். விருந்துக்குப் போனால், அறிமுகமாகிற மனிதரின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் சாலைக்கு எந்தப் பக்கம் என்று கேட்பார். வடக்குப் பக்கம் என்றால் பக்கத்தில் உட்காருவார். தெற்குப் பக்கம் என்றால் “அங்கேயும் நல்ல ஜனங்க இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்” என்று ஆறுதல் சொல்லிவிட்டு எழுந்து போவார். இவ்வளவையும் செய்துவிட்டு, பேச்சு முடியும்போது இந்த ரகத்தாருக்கே உரிய ஒரு வாக்கியத்தைத் தவறாமல் சொல்வார்: “மார்க்கெல்லாம் நான் பார்க்கிறதில்ல. பொண்ணுக்காகத்தான்.”

ஒரு நாள் பள்ளி விடும் நேரத்தில் ஆல்டர்ஹில் பள்ளிக்கு எதிரே காரை நிறுத்தி, வருகிற பிள்ளைகள் சிரிக்கிறார்களா, அழுகிறார்களா, என்ன பை மாட்டியிருக்கிறார்கள், கூப்பிட வருகிற பெற்றோர் என்ன கார் ஓட்டுகிறார்கள் என்று கவனித்துக் கொண்டிருந்தார். வளர்ந்த ஆண்பிள்ளை ஒருத்தன் பள்ளிக்கு எதிரே காருக்குள் உட்கார்ந்து பிள்ளைகளை உற்றுப் பார்த்தால் என்ன ஆகும்? போலீஸ் வந்தது. வெண்டல் நடுங்கிப்போய் வரைபடத்தை எடுத்துக் காட்டி, வீடு வாங்கப் போகிற கதையைச் சொன்னார். போலீஸ்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். தானும் வீடு பார்த்துக்கொண்டிருப்பதாகவும், கணக்குப் பாடத்தில் பிராக்வில் போன வருஷத்தைவிட ஏறியிருப்பதாகவும், ஆனாலும் மனசு ஆல்டர்ஹில்லைத்தான் கேட்கிறதென்றும் சொன்னார். இருவரும் ரோந்து வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு அரை மணி நேரம் பேசினார்கள். பள்ளிக்கு எதிரே அத்தனை நேரம் போலீஸ் வண்டி நிற்பதைப் பார்த்து அன்றைக்கு எத்தனை மார்க் பார்ப்பவர்கள் ஆல்டர்ஹில்லைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு வேறு ஊர் தேடினார்களோ, தெரியாது.

வீடு காட்டுகிற ரோண்டா கைகாரி. இந்த ரகத்து ஆட்களை அவள் தினமும் பார்க்கிறவள். முதலில் மில் ரோட்டுக்குத் தெற்கே ஒரு வீட்டைக் காட்டினாள். அகலமான வீடு. பின்பக்கம் மூன்று புறமும் ஜன்னல் வைத்த அறை. ஜனெல் உள்ளே போனதும் தையல் மெஷின் எங்கே, துணிச் சுருள்கள் எங்கே என்று மனசுக்குள் எடுத்து வைத்துவிட்டாள். மாரென் அந்த அறையின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பார்த்தாள். சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. வெண்டலைக் காணோம். வாசலில் நின்று, சாலை எந்த இடத்தில் வளைகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அடுத்து அதே ரோட்டுக்கு வடக்கே, கிட்டத்தட்ட எதிரே இருந்த வீடு. அறைகள் சின்னது. விலை பெரிசு. நிலவறைக்கு இறங்குகிற படிக்கு மேலே தாழ்வாக ஒரு உத்தரம். வெண்டல் அதில் நெற்றியை இடித்துக்கொண்டார். கீழே மழைத்தண்ணீர் சேர்ந்த வாடை. அதை இறைத்து வெளியே விட ஒரு மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. ஜனெல் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“இதுல என்ன இருக்கு?” என்றாள்.

“ஒன்பது இருக்கு” என்றார் வெண்டல், நெற்றியைத் தடவியபடி.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் காருக்குள் சண்டை. மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தனம் நடத்த முடியாதென்று ஜனெல் சொன்னாள். பிள்ளையின் வாழ்க்கையை ஜன்னலுக்காக விட்டுக் கொடுக்க முடியாதென்று வெண்டல் சொன்னார். பிள்ளையை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சிக்னலில் வண்டி நின்றபோது பின்சீட்டிலிருந்து மாரென் தானாகவே வாயைத் திறந்தாள். எந்தப் பள்ளியானாலும் பரவாயில்லை, பிள்ளைகள் சேர்ந்து வாசிக்க ஆர்க்கெஸ்ட்ரா இருந்தால் போதும் என்றாள். இரண்டிலும் இருக்கிறதே என்றார் வெண்டல். அதிலும் ஒன்பது மார்க் ஊரின் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் சும்மாவா!

“எப்பவும் இருக்கும்ல, அப்பா?”

“நான் இருக்கேன்ல? அப்புறம் என்ன கவலை உனக்கு?”

மாரென் நம்பினாள். பெண் முகத்தைப் பார்த்து ஜனெலும் இறங்கி வந்தாள். அந்தச் சின்ன வீட்டையே வாங்கினார்கள். தையல் மெஷின் நிலவறைக்குப் போனது. ஜனெல் அந்த ஈர வாடையில் உட்கார்ந்து அடுத்தவர்களின் சோபாவைத் தைத்தாள். வெண்டல் அவளுக்குக் காபி எடுத்துக்கொண்டு இறங்கும்போதெல்லாம் உத்தரத்தில் இடித்துக்கொண்டார். சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே அந்த ஏழு மார்க் வீடு தெரியும். அதை வேறொரு குடும்பம் வாங்கிவிட்டது. ஜனெல் ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டாள்.

ஆனால் மாரெனுக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது. அதை மறைப்பானேன், வெண்டல் ஜெயித்துத்தான் விட்டார். எட்டாம் வகுப்பு ஆர்க்கெஸ்ட்ராவில் செல்லோ வாசிப்பவர்களில் இரண்டாவது இடத்து நாற்காலி அவளுக்குக் கிடைத்தது. சாப்பாட்டு மேஜையில் அவளாகவே பேச ஆரம்பித்தாள். வாத்தியார் இப்படிச் சொன்னார், வயலின்காரப் பிள்ளைகள் எப்போதும் அவசரப்படுகிறார்கள் என்றெல்லாம் சொன்னாள். வெண்டல் மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து மனைவியைப் பார்ப்பார். பார்த்தியா, என்று அர்த்தம்.

இங்கேதான், வாசகரே, நம் பிராணியின் உண்மையான சுபாவம் வெளியே வருகிறது.

வீட்டு வரிச் சீட்டு வந்தது. வெண்டல் அதை நின்றுகொண்டு படித்தார், பிறகு உட்கார்ந்துகொண்டு படித்தார். ஒன்பது மார்க் ஊரில் வரியும் அதற்கேற்றாற்போல்தானே இருக்கும்? அது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தெரிந்த விஷயம் தபாலில் வரும்போது வேறு மாதிரி இருக்கிறது. அதே மாதத்தில் பள்ளி நிர்வாகமும் கையை நீட்டியது. எங்கள் பக்கத்தில் பள்ளிக்குக் கூடுதல் வரி வேண்டுமென்றால் ஊர் ஜனங்களிடமே நவம்பரில் ஓட்டுக் கேட்க வேண்டும். ஆமா என்று அதிகம் பேர் போட்டால் வரி உண்டு, இல்லையென்றால் இல்லை. இந்தத் தடவை நிர்வாகம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டது: ஓட்டு தோற்றால் முதலில் ஆர்க்கெஸ்ட்ரா போகும்.

தெருவே கொதித்தெழுந்தது. அதாவது, தெருவே பலகை நட்டது. வீட்டு முன்னால் இருக்கிற புல்தரையில் ஒவ்வொருவரும் ‘பள்ளிக்கு ஆமா’ என்று எழுதிய பலகையைக் குத்தி வைத்தார்கள். வெண்டல்தான் எல்லோருக்கும் முதலில் நட்டார். காற்றில் சாய்ந்தால் காலையில் வேலைக்குப் போகும்போது நிமிர்த்திவிட்டுப் போவார். தெருவில் பலகை இல்லாத வீடு ஒன்றே ஒன்று. பக்கத்து வீட்டு கில் ஸ்டோவர். வயசானவர், தனி ஆள், பிள்ளைகளெல்லாம் படித்து முடித்து எங்கெங்கோ போய்விட்டார்கள். தெருவில் கூடிப் பேசுகிறவர்கள் அவர் வீட்டைக் கண்ணால் காட்டி உதட்டைப் பிதுக்கினார்கள். இப்படிப்பட்ட ஆட்களால்தான் ஊர் கெடுகிறது என்றார் வெண்டல். சொல்லும்போது உண்மையாகவே அவருக்கு வருத்தமாக இருந்தது.

ஓட்டுப் போடுகிற இடம் பள்ளியின் விளையாட்டுக் கூடம். வாசலில் ஆர்க்கெஸ்ட்ராப் பிள்ளைகள் மேஜை போட்டுக் கேக் விற்றார்கள். குளிரில் மூக்கு சிவந்து மாரென் நின்றாள். அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வெண்டல் இரண்டு துண்டு வாங்கி, மீதியை உண்டியலில் போடச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே மறைப்புக்குப் பின்னால் ஒரு மனிதனும் ஒரு சீட்டும். வெண்டல் சீட்டைப் பார்த்தார். யோசனை ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. நிர்வாகம் மிரட்டுகிறது, அவ்வளவுதான். ஒன்பது மார்க் ஊரில் ஆர்க்கெஸ்ட்ராவையாவது நிறுத்துவதாவது. தவிர, வீட்டு விலையிலேயே நாம் பள்ளிக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டோமே, ஒரே சாமானுக்கு எத்தனை தடவை கொடுப்பது? எப்படியும் இது ஜெயிக்கத்தான் போகிறது. தெரு முழுக்கப் பலகை. அத்தனை பேரும் ஆமா என்று போடும்போது நாம் ஒருத்தன் வேண்டாம் என்று போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? நம்முடைய எதிர்ப்பையும் காட்டின மாதிரி இருக்கும், பிள்ளைக்கு ஆர்க்கெஸ்ட்ராவும் இருக்கும்.

வேண்டாம் என்று போட்டார்.

வெளியே வரும்போது ‘ஓட்டுப் போட்டேன்’ என்ற சின்ன ஒட்டுச்சீட்டைக் கொடுத்தார்கள். வெண்டல் அதைக் கோட்டில் நெஞ்சுக்கு நேரே ஒட்டிக்கொண்டார். மாரென் அதைப் பார்த்துச் சிரித்தாள். கேக் நன்றாக இருந்ததென்று சொன்னார். உண்மையிலேயே நன்றாக இருந்தது.

ஓட்டு தோற்றது. பெரிய தோல்வி ஒன்றும் இல்லை. அந்தத் தெருவும் அடுத்த தெருவும் மனசு வைத்திருந்தால் ஜெயித்திருக்கும். அதே நாளில் சாலைக்குத் தெற்கே பிராக்வில்காரர்களிடமும் வரி கேட்டிருந்தார்கள். அந்த ஏழு மார்க் ஜனங்களுக்கு ஜெயித்துவிடும் என்ற தைரியம் இல்லை. பயந்துபோய் எல்லோரும் ஆமா என்று போட்டுவிட்டார்கள்.

ஆல்டர்ஹில் நிர்வாகம் சொன்னதைச் செய்தது. கிறிஸ்துமஸ் கச்சேரிதான் கடைசி, அதோடு ஆர்க்கெஸ்ட்ரா மூடல் என்று வீட்டுக்குத் தகவல் வந்தது. மாரென் அழவில்லை. அழுதிருந்தால் வெண்டலுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டே ஒன்று கேட்டாள். தெருவில் அத்தனை வீட்டு முன்னாலும் பலகை இருந்ததே, பிறகு எப்படித் தோற்றது, வேண்டாமென்று போட்டது யார்?

“பிள்ளைங்க படிச்சு முடிச்சவங்களுக்கு நம்ம கஷ்டம் எங்க புரியும்? பக்கத்து வீட்டு கில் மாதிரி ஆளுங்கதான்” என்றார் வெண்டல். சொல்லிவிட்டு ரொட்டியை எடுத்து வெண்ணெய் தடவினார். ஜனெல் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

சனிக்கிழமை தெருவில் எல்லோரும் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வெண்டல் தன்னுடையதைப் பிடுங்க, மாரென் குப்பைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜனெல் வாசற்படியில் கிழிந்த நாற்காலி ஒன்றை வைத்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் கில் உதிர்ந்த இலைகளை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத பெண் நேரே வேலிக்குப் போனாள்.

“மிஸ்டர் ஸ்டோவர், நீங்க வேண்டாம்னா போட்டீங்க?”

வெண்டலுக்குக் கையிலிருந்த பலகை நழுவியது. கில் வாருகோலை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“யாரு, நானா? நான் எப்பவும் ஆமாதாம்மா. என் மூணு பசங்களும் படிச்சப்போ ஊரே போட்டுச்சு, இப்ப என் முறை” என்றார். “பலகை வைக்கலேன்னு கேக்கறியா? அதை வெச்சா இலை வாரறதுக்கு இடைஞ்சலா இருக்குது.”

பிறகு அவர் இலை வாரப் போய்விட்டார். மாரென் திரும்பி வந்தாள். பையை விரித்துப் பிடித்தபடி அப்பா முகத்தைப் பார்த்தாள்.

“அப்பா, நீ என்ன போட்டே?”

“உனக்காகத்தானேடா இந்த ஊருக்கே வந்தோம்? உங்கம்மாவைக் கேளு, நான் எவ்வளவு அலைஞ்சேன்னு.”

“அதைக் கேக்கல.”

வெண்டல் குனிந்து பலகையை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். மண் போன பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். வாசற்படியில் ஆணி பிடுங்குகிற சத்தம் நின்றிருந்தது.

“இந்த ஊரே வேண்டாம்னவ நான்” என்றாள் ஜனெல். “நான் ஆமான்னு போட்டேன், வெண்டல்.”

மாரென் அப்பா கையிலிருந்து பலகையை வாங்கிப் பைக்குள் போட்டு, பையின் வாயை இறுக்கிக் கட்டித் தெரு ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வெண்டல் புல்லில் பலகை இருந்த ஓட்டையைக் காலால் மூடிக்கொண்டு அங்கேயே நின்றார். அவமானமாக இருந்தது அவருக்கு. அதில் சந்தேகமில்லை, நான் அவரைத் தெரிந்தவன், அவர் கல்நெஞ்சர் இல்லை.

செல்லோ இப்போது நிலவறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடக்கிறது. ஜனெல் திரையைக் கழற்றிவிட்டாள். காலையில் சமையலறை ஜன்னல் வழியாக, எதிர் வீட்டுப் பெண் வயலின் பெட்டியோடு பிராக்வில் பள்ளிப் பஸ்ஸில் ஏறுவது தெரியும். அந்த நேரம் பார்த்து மாரென் சாப்பிட உட்காருகிறாள். பழையபடி பேச்சுக் குறைந்துவிட்டது.

அடுத்த வருஷம் புது மார்க் வந்தது. ஆல்டர்ஹில் எட்டு. பிராக்வில்லும் எட்டு. வெண்டல் திருந்தியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? போன வாரம் ரோண்டா ஒரு இளம் தம்பதியை அந்தத் தெருவுக்கு வீடு காட்டக் கூட்டி வந்தாள். அந்த மனிதர் வீட்டைப் பார்க்காமல் சாலை வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெண்டல் தானாகவே நடந்து போய்க் கை குலுக்கினார். நல்ல ஊர், நல்ல ஜனங்கள், எல்லோரும் பள்ளிக்காக உயிரைக் கொடுப்பார்கள் என்றார். “மார்க்கெல்லாம் நான் பார்க்கிறதில்ல” என்று தொடங்கியவர், பின்னால் வாசற்படியில் பெண் நிற்பதைப் பார்த்துவிட்டு மீதி வாக்கியத்தை விழுங்கிக்கொண்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? எந்த ஊர்க்காரர்களோ, என்ன வரியோ, நமக்கென்ன என்று நினைக்கிறீர்கள். இருக்கட்டும். ஆனால் உங்கள் வீட்டு முன்னாலும் ஒரு பலகை நட்டிருக்கிறது, நான் பார்த்தேன். நன்றாக நிமிர்த்தித்தான் வைத்திருக்கிறீர்கள். எழுத்துகூடத் தெருக்கோடி வரைக்கும் தெரிகிறது. மறைப்புக்குப் பின்னால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அதைக் கேட்க உங்கள் வீட்டிலேயே ஒரு ஆள் வளர்ந்துகொண்டிருக்கிறது.